பொற்றலை எது? வாய்க்கால் கரையின் மஞ்சள் பூவைப் படங்களிலிருந்து அடையாளம் கண்ட ஒரு நிகழ்வு

பொங்கல் கழிந்த இரண்டாம் வாரத்தில், மன்னார்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் மூன்று படங்களை அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணா, இது எங்க வாய்க்கால் கரையில பாய் விரிச்ச மாதிரி கிடக்கு. மஞ்சள் கரிசலாங்கண்ணின்னு அத்தை சொல்றாங்க. நாளைக்குப் பறிச்சுக் கூட்டு வைக்கலாம்னு இருக்காங்க. பாத்துட்டுச் சொல்லுங்கண்ணா." காட்டுப் பூக்களின் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. பெயர் தவறினால் பெரும்பாலும் ஒரு குறிப்பேட்டில் ஓர் அடித்தல் திருத்தலோடு முடிந்துவிடும். இங்கே என் பதில் மறுநாள் அடுப்பில் ஏறவிருந்தது. ஆகவே இந்த அடையாளம் எப்படி அமைந்தது, எங்கே நான் தடம் மாறவிருந்தேன், எந்தச் சான்று முடிவை உறுதி செய்தது என்பவற்றை முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

முதல் படம் பூவை நேர் மேலிருந்து எடுத்தது. அழகான படம். போர்ட்ரெய்ட் முறையில் எடுத்திருந்ததால் பூ மட்டும் கூர்மையாகவும், சுற்றியிருந்த அனைத்தும் பச்சைப் புகைபோலக் கரைந்தும் தெரிந்தன. இரண்டாவது படம் பத்தடி தூரத்திலிருந்து வாய்க்கால் கரையைக் காட்டியது. அடர்ந்த பச்சைப் படுகையின் மேல் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. மூன்றாவது படத்தில் பறித்த பூ ஒன்று உள்ளங்கையில் இருந்தது; அதன் காம்போடு ஒட்டிவந்த ஓர் இளம் இலையின் பாதி, விரல்களுக்கிடையே தெரிந்தது.

பூவைப் படமெடுப்போர் பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கிறார்கள். அதில் அவர்கள் குற்றம் எதுவுமில்லை, கண்ணை ஈர்ப்பது பூதான். ஆனால் சூரியகாந்திக் குடும்பத்துச் செடியை மேலிருந்து மட்டும் எடுத்த படம் மிகக் குறைவாகவே பேசும். நாம் ஒரு பூ என்று எண்ணுவது அந்தக் குடும்பத்தில் பல நுண்ணிய பூக்கள் ஒரு மேடையில் கூடி அமர்ந்த தலைமஞ்சரி. ஓரத்தில் இதழ்போல் நீண்டிருப்பவை கதிர்ச் சிறுமலர்கள். நடுவில் நெருங்கி நிற்பவை வட்டுச் சிறுமலர்கள். மஞ்சள் நிறக் கதிர்களும் மஞ்சள் நிற வட்டும் கொண்ட இனங்கள் இந்தக் குடும்பத்தில் எண்ணிலடங்கா. அவற்றைப் பிரித்துக்காட்டும் அடையாளங்களான பூவடிச் செதில்களின் அமைப்பு, இலையின் விளிம்பு, இலை தண்டோடு சேரும் விதம், கணுவில் வேர் இருக்கிறதா என்பது ஆகிய அனைத்தும் பூவின் பின்புறத்திலோ கீழ்ப்புறத்திலோ உள்ளன. போர்ட்ரெய்ட் முறை மங்கலாக்கிவிடுவதும் சரியாக இவற்றைத்தான்.

அந்த மூன்று படங்களைக் கொண்டே சிலவற்றை நீக்க முடிந்தது. வெள்ளைக் கரிசலாங்கண்ணியாகிய எக்லிப்டா புரோஸ்ட்ரேட்டாவின் பூ வெண்ணிறம். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஆகவே அது இல்லை. வெட்டுக்காயப் பூண்டு என்றும் தாத்தாப் பூ என்றும் நாம் சொல்லும் டிரைடாக்ஸ், நடுவில் மஞ்சளும் ஓரத்தில் வெளிர் மஞ்சளோ வெள்ளையோ கொண்டு, பெரும்பாலும் ஐந்தே கதிர்களுடன், ஒரு சாணுக்கும் மேல் நீளக்கூடிய மெல்லிய காம்பின் நுனியில் தனியாக நிற்கும்; அதுவும் இல்லை. மலைப்பகுதிச் சாலைகளில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் காட்டுச் சூரியகாந்தியான டித்தோனியாவின் பூ, உள்ளங்கை முழுவதையும் மறைத்திருக்கும். தோட்டங்களில் வளர்க்கப்படும் மெலம்போடியம் என்னும் சிறு மஞ்சள் பூச்செடி நிமிர்ந்து கிளைத்துக் குத்தாக நிற்பது. இரண்டாவது படத்தில் கண்ட பாய்போன்ற படர்ச்சி அதற்கு இல்லை. எஞ்சியவை இரண்டு. இரண்டும் ஒரே பேரினம்.

முதலாவது, ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. இதுவே நம் மருத்துவ மரபு மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்வது. இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, சீனம் எனப் பரந்த நிலப்பரப்பின் ஈரமான வரப்புகளிலும் நீர்க்கரைகளிலும் இயல்பாக வளர்வது. இரண்டாவது, ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. மெக்சிகோ முதல் கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள் வரை தாயகமாகக் கொண்டது. தரையை மூடும் அழகுச் செடியாக உலகெங்கும் கொண்டு செல்லப்பட்டு, இன்று நம் ஊர்களில் சாலை நடுத்திட்டிலும் வளாகப் புல்வெளி ஓரங்களிலும் நடப்படுவது. நாற்றுப் பண்ணைகளில் இதை வெடேலியா என்பார்கள். நிலைபெற்ற தமிழ்ப் பெயர் இல்லாததால் இக்கட்டுரையில் தோட்ட வெடேலியா என்றே குறிக்கிறேன்.

இங்கே என் பிழையைச் சொல்ல வேண்டும். மூன்றாவது படத்தில் தெரிந்த அரை இலை குறுகியதாகவும், விளிம்பில் பெரிய பிளவுகள் இல்லாததாகவும் இருந்தது. டெல்டா மாவட்டம், வாய்க்கால் கரை, வீட்டுப் பெரியவரான அவள் மாமியார் சொன்ன பெயர், குறுகிய இலை என நான்கும் ஒரே பக்கம் சாய்ந்ததால், "ஆமாம், மஞ்சள் கரிசலாங்கண்ணிதான்" என்று தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்பும் முன் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கை நின்றது. அந்தப் படுகை அளவுக்கு மீறி அடர்த்தியாக இருந்தது. வேறு எந்தப் புல்லும் பூண்டும் அதனிடையே தலை காட்டவில்லை. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி வரப்பில் கோரையோடும் வல்லாரையோடும் பொடுதலையோடும் கலந்து கிடப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தனியாட்சி செய்து பார்த்ததில்லை. இது சான்று ஆகாது, ஐயம் மட்டுமே. ஆனால் ஐயம் போதுமானதாக இருந்தது. தட்டச்சு செய்ததை அழித்துவிட்டு, "பறிக்க வேண்டாம்மா, நாளைக் காலை வேறு படங்கள் வேண்டும்" என்று எழுதினேன்.

நான்கு சான்றுகள் என்று நான் எண்ணியவற்றை அன்றிரவு மீண்டும் எண்ணிப் பார்த்தேன். வாய்க்கால் கரை இரண்டு இனங்களுக்கும் உகந்தது. ஆகவே அது எதையும் பிரிக்கவில்லை. டெல்டா என்பதும் அவ்வாறே. பெரியவர் சொன்ன பெயர், அவர் அந்தச் செடியைப் பார்த்துச் சொன்னதா, பூவின் நிறத்தைப் பார்த்துச் சொன்னதா என்பது எனக்குத் தெரியாது. எஞ்சியது அரை இலை ஒன்றுதான். தோட்ட வெடேலியாவின் முதிர்ந்த இலைகள் மூன்று மடல்களாகப் பிளந்திருக்கும்; ஆனால் அதன் கொழுந்து இலைகளும், நிழலில் வளரும் தண்டின் இலைகளும் பல நேரங்களில் மும்மடலாகப் பிளவுபடுவதில்லை. பூவின் அடியில் இருக்கும் மேல் இலைகள் கீழ் இலைகளைவிடச் சிறியனவாகவும் எளிய வடிவினவாகவும் இருப்பது பல செடிகளில் காணப்படும் இயல்பு. ஆக, பூவோடு ஒட்டிவந்த இலை என்பது அந்தச் செடியில் மிகக் குறைவாக நம்பத்தக்க இலை.

தங்கை தன் பங்குக்கு, கைப்பேசியில் கூகுள் லென்ஸ் வழியாகவும் பார்த்திருந்தாள். முதல் படத்துக்கு மெலம்போடியம் என்றும், இரண்டாவதற்கு வெடேலியா டிரைலோபேட்டா என்றும், மூன்றாவதற்கு வெடேலியா சைனென்சிஸ் என்றும் விடை வந்ததாகச் சொன்னாள். ஒரே செடிக்கு மூன்று பெயர் சொல்லும் கருவியை எப்படி நம்புவது என்று அவள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் கருவியிடம் கொடுத்தவை மூன்று வேறு படங்கள். ஒவ்வொன்றிலும் தெரிந்த அளவுக்கு அது சொன்னது. தொலைவிலிருந்து எடுத்த படத்தில் பூ தெளிவில்லாவிட்டாலும் படர்ச்சி தெரிந்தது. அதற்கு வந்த விடைதான் பின்னர் சரியென்று தெளிந்தது. அழகான படத்துக்கு வந்த விடையே உண்மையிலிருந்து மிகத் தள்ளி நின்றது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் அப்போதே தீர்க்க வேண்டியிருந்தது. நம் செடிக்கு லின்னேயஸ் 1753-இல் வெர்பெசினா காலெண்டுலேசியா என்று பெயரிட்டார். அமெரிக்கச் செடிக்கு 1759-இல் சில்பியம் டிரைலோபேட்டம் என்று பெயரிட்டார். பிற்காலத்தில் இரண்டும் வெடேலியா பேரினத்துக்கு மாற்றப்பட்டன. நம் செடி அங்கே வெடேலியா சைனென்சிஸ், வெடேலியா காலெண்டுலேசியா என்னும் இரு பெயர்களாலும் வழங்கியது. 1996-இல் புருஸ்கி என்னும் தாவரவியலாளர் இவற்றை ஸ்பாக்னெட்டிகோலாவுக்குக் கொண்டுவந்தார். சதுப்புப் பாசியில் வாழ்வது என்பது அந்தப் பேரினப் பெயரின் பொருள். ஈரத்தை நாடும் இந்தச் செடிகளுக்குப் பொருந்தும் பெயர்தான். பழைய மூலிகை நூல்களும் புதிய செயலிகளும் வெவ்வேறு காலத்துப் பெயர்களைப் பயன்படுத்துவதால், இரண்டே செடிகள் தேடுவோர் கண்ணுக்கு நான்கைந்து செடிகளாகத் தோன்றுகின்றன. தங்கைக்கு வந்த மூன்று விடைகளில் இரண்டு இந்த ஒரே இணையைச் சேர்ந்தவை என்பதைச் சொன்ன பிறகே அவளுக்குச் சிக்கல் விளங்கியது.

மறுநாள் காலைக்கு நான் கேட்டவை இவை. தண்டின் நுனியிலிருந்து கீழே நான்காவது, ஐந்தாவது கணுக்களில் உள்ள முதிர்ந்த இலைகளை மேற்புறமும் அடிப்புறமும் தெரியுமாறு ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுக்க வேண்டும். இலை தண்டோடு சேருமிடத்தைப் பறிக்காமல் பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். பூவைத் திருப்பி அதன் முதுகை எடுக்க வேண்டும். அளவு தெரிவதற்காகப் பூவின் அருகில் ஒரு பத்து ரூபாய் நாணயம் இருக்க வேண்டும். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். தரையில் படிந்த தண்டை மெல்லத் தூக்கிக் கணுக்களின் அடிப்பக்கத்தைக் காட்ட வேண்டும். போர்ட்ரெய்ட் முறை வேண்டாம். உச்சி வெயில் வேண்டாம், ஏனெனில் நேர் வெயிலில் மஞ்சள் நிறம் கைப்பேசிக் கேமராவில் வெளுத்து, இதழ் நுனியின் பற்களும் வட்டின் அமைப்பும் ஒரே மஞ்சள் தகடாகிவிடும். படங்களைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுண் விவரங்கள் சுருக்கப்பட்டுவிடுவதோடு, எடுத்த நேரமும் இடமும் பற்றிய பதிவும் நீங்கிவிடும். கடைசியாக ஒன்று கேட்டேன். அது படத்தில் வராது. இலையை இரு விரல்களுக்கிடையே வைத்துத் தடவிப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

ஒன்பது படங்கள் வந்தன. முதிர்ந்த இலைகள் தெளிவாக மும்மடலாக இருந்தன. நுனி மடல் பெரியது, இருபுறமும் காதுபோல் ஒவ்வொரு மடல், விளிம்பில் ஒழுங்கற்ற பற்கள். அளவுகோல் வைத்து எடுத்த ஓர் இலை 7 சென்டிமீட்டர் நீளமும், மடல்களுக்கிடையே ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அகலமும் இருந்தது. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை குறுகி நீண்டது. அகலம் பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கும். விளிம்பு முழுமையாகவோ, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு பற்களோடோ இருக்கும். பக்க மடல்கள் வருவதில்லை. இலை மேற்பரப்பு கரும்பச்சையாக, எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. தங்கை எழுதியிருந்தாள்: "வழவழன்னு கொஞ்சம் தடிப்பா இருக்கு, சொரசொரப்பு பெருசா இல்ல." மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை இருபுறமும் படிந்த விறைத்த மயிர்களால் சொரசொரப்பாக இருக்கும். தண்டு வெயில் பட்ட பக்கம் செம்மை ஏறியிருந்தது.

பூவின் முதுகுப் படம் நான் எதிர்பார்த்த அளவுக்கு உதவவில்லை. இரண்டு இனங்களிலும் வெளிப்புறப் பூவடிச் செதில்கள் பச்சையாக, சிறு இலைபோல் இருக்கும். கதிர்களின் எண்ணிக்கையும் பிரிக்கவில்லை; தோட்ட வெடேலியாவுக்கு பெரும்பாலும் 8 முதல் 13 வரை என்றால், மற்றதன் எண்ணிக்கையும் அதே வரம்பில்தான் விழுகிறது. நாணயத்தோடு ஒப்பிட்டால் பூ 28 அல்லது 29 மில்லிமீட்டர். இரண்டிலும் வரக்கூடிய அளவுதான். கணுக்களில் வேர் இறங்கியிருந்தது. அதுவும் இரண்டுக்கும் பொது. ஒன்பது படங்களில் முடிவைத் தந்தவை முதிர்ந்த இலைகளின் இரண்டு படங்கள் மட்டுமே. பூவைக் காட்டிய எந்தப் படமும் தரவில்லை.

இதை எழுதும்போது நம் பழைய பெயர் ஒன்று நினைவில் நிற்கிறது. சித்த மருத்துவ நூல்கள் மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் பொற்றலைக் கையாந்தகரை என்கின்றன. கையாந்தகரை என்பது கரிசலாங்கண்ணி. பொன்போன்ற தலையை உடைய கரிசலாங்கண்ணி என்பது பொருள். தலைமஞ்சரி என்று தாவரவியல் இன்று சொல்வதைத் தலை என்றே சொன்ன அந்தப் பெயர், ஒரே சொல்லில் அமைந்த அடையாளக் குறிப்பு. வெண்தலை ஒன்று, பொன்தலை ஒன்று என இரண்டு மட்டுமே நம் வரப்புகளில் இருந்தவரை அந்தக் குறிப்பு பிழையே செய்யவில்லை. நிறத்தைப் பார்த்தால் போதும். கடல் கடந்து வேறொரு பொன்தலை வந்து அதே ஈரக் கரையில் படர்ந்த பிறகு, நிறம் எதையும் பிரிப்பதில்லை. தங்கையின் மாமியார் சொன்னது அறியாமையால் அன்று. அவர் கற்ற குறிப்பு அவர் கற்ற காலத்தில் முற்றிலும் சரியானது. வள்ளலார் அன்றாடம் கொள்ளச் சொன்ன மூலிகைகளுள் முதன்மையானது என்ற மதிப்போடு இந்தக் கீரையைத் தேடுவோர் இன்றும் பலர் இருப்பதால், இந்தப் பொன்தலைக் குழப்பம் ஒரு வீட்டோடு முடிவதாக நான் நினைக்கவில்லை. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற பெயரோடு தோட்ட வெடேலியா கைமாறியதை நானே இருமுறை பார்த்திருக்கிறேன்.

முடிவைச் சொல்வதற்கு முன் ஓர் ஐயத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தென்சீனத்தின் குவாங்டாங் பகுதியில் இந்த இரண்டு இனங்களும் அருகருகே வளருமிடத்தில், இரண்டும் இயற்கையாகக் கலந்து உருவான கலப்பினம் பதிவாகியுள்ளது. அத்தகைய கலப்புகளில் இலை வடிவம் இடைப்பட்டதாக இருக்கக்கூடும். ஆகவே ஒரே தண்டிலிருந்து எடுத்த இலைகளில் மட்டும் நிற்காமல், படுகையின் வெவ்வேறு ஐந்து இடங்களிலிருந்து இலைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஐந்து இடங்களிலும் முதிர்ந்த இலைகள் தெளிந்த மும்மடல். இடைப்பட்ட வடிவம் கண்ணில் படவில்லை. இது தோட்ட வெடேலியா என்றும், நம் மருத்துவ நூல்கள் சொல்லும் கீரை இது இல்லை என்றும், ஒன்றின் குணத்தை மற்றொன்றுக்கு ஏற்றிச் சமைக்கக் கூடாது என்றும் எழுதி அனுப்பினேன்.

அது அங்கே எப்படி வந்தது என்பதற்கு விடை இரண்டாவது படத்திலேயே இருந்தது. நான்தான் முதலில் கவனிக்கவில்லை. படுகையின் மேல் முனையில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் தெரிந்தது. விசாரித்தபோது, அந்த வீட்டு முன்றிலில் அழகுக்காக நட்டிருந்ததை வெட்டிச் சீர்செய்யும்போதெல்லாம் கழிவை வாய்க்காலோரம் கொட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இந்தச் செடி விதையால் பரவுவது அரிது. அதற்குத் தேவையும் இல்லை. ஒரு கணு உள்ள தண்டுத் துண்டு ஈரமண்ணில் விழுந்தால் வேர் இறங்கிவிடும்; தண்ணீர் அதை அடுத்த மடைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் வல்லுநர் குழு 2000-இல் தொகுத்த பட்டியலில் இது இடம்பெற்றது.

பங்குனியில் நான் நேரில் போனேன். திருச்சி ரபினட் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரச் சேகரிப்பகத்திலிருந்து தாவரவியலாளர் கே. எம். மேத்யூ 1980-களில் வெளியிட்ட தாவரத் தொகுதியின் கோட்டோவியங்களைப் பார்த்துப் பழகியவன் என்பதால், படத்தில் பார்த்ததைக் கையில் எடுத்து இலை, கணு, சிறுமலர் என்று தனித்தனியே பிரித்துப் பார்க்காமல் ஒரு பதிவை முடிக்க எனக்கு மனம் வருவதில்லை. வாய்க்கால் கரையில் இருந்தது ஐயமின்றித் தோட்ட வெடேலியா. அங்கிருந்து இரண்டு வயல் தள்ளி, கோயில் குளத்தின் வடகரைப் படித்துறை ஓரத்தில், பொடுதலையும் வல்லாரையும் கலந்து கிடந்த இடத்தில், குறுகிய இலையும் நீண்ட மெல்லிய காம்பின் மேல் தனிப் பூவுமாக மஞ்சள் கரிசலாங்கண்ணி ஒரு முழ அளவுக்குப் படர்ந்திருந்தது. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு தண்டை எடுத்துவந்து திண்ணையில் வைத்தோம். மாமியார் அம்மா பூவைப் பார்க்கவில்லை. இரண்டு இலைகளையும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தேய்த்தார். "எங்க அம்மா வீட்டுக் கொல்லையில இருந்தது இதுதான் தம்பி, இந்தச் சொரசொரப்பு" என்று குளத்தங்கரைச் செடியை எடுத்துத் தனியே வைத்தார்.

அதில் வேர்பிடித்த இரண்டு கணுக்கள் இப்போது அவர் வீட்டுக் கிணற்றடியில் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டியில் வளர்கின்றன. வாய்க்கால் கரையில் இருந்ததைத் தங்கையும் அவள் கணவரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேரோடு பிடுங்கி, ஒரு துண்டும் மண்ணில் விழாதபடி சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் பரப்பிச் சருகாகும்வரை காயவைத்தார்கள். களத்தில் கிடந்த தண்டுகள் ஆறாம் நாளிலும் நுனியில் பூ வைத்திருந்ததை எனக்குப் படமெடுத்து அனுப்பினாள். இம்முறை இலையின் முதுகும் கணுவும் தெரிய, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தோடு.